சினிமாவைத் திட்டியது போதும்

பாராங் (வெட்டுக்கத்தி) சண்டை என்று ஒரு செய்தி வந்துவிட்டால் நம் மலேசியத் தமிழர் வாட்சாப் குழுக்களில் தீர்ப்பு தயார். சினிமா கெடுத்துவிட்டது. தாய் தகப்பன் வளர்ப்பு சரியில்லை. நம் இனத்துக்கு இது ரத்தத்திலேயே ஊறியது. இந்தக் கடைசித் தீர்ப்பைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்களே. நேற்று ராத்திரியும் ஒரு குழுவில் இதைப் படித்தேன், தூக்கம் போய்விட்டது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. அவசரக்காரர்கள் இப்போதே தாண்டிப் போய்விடலாம்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று எண்ணையே பேராக வைத்திருக்கும் கும்பல்கள் எல்லாம் அதில் உண்டு. மொத்தம் 40,000 பேருக்கு மேல், பத்தில் ஏழு பேர் இந்தியர்கள் என்றும் கணக்குச் சொன்னது. நாட்டின் மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட முழுசாகத் தேறுவோமா தெரியாது. "பார்த்தாயா, ரத்தம்தான்!" என்று துள்ளுகிறவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். அதே சினிமாவைத்தான் மதுரையிலும் பார்க்கிறார்கள். அங்கே யாரும் கையில் 36 என்று பச்சை குத்திக்கொள்வதில்லை.

அந்த எண்கள் சீன ரகசியச் சங்கங்கள் வழியாக வந்தவை. பேராக் மாநிலத்து லாருட் ஈய வயல்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சங்கத்துக்காரனும் 1860களில் வெட்டிக்கொண்டபோது நம் பாட்டன்மார் பலர் கப்பலே ஏறியிருக்கவில்லை. அடிதடி மட்டுமே அந்தச் சங்கங்களின் தொழிலாக இருந்ததும் இல்லை. சொந்தபந்தம் இல்லாமல் வந்து இறங்கிய சீனக் கூலிக்கு வேலை பிடித்துக் கொடுத்தது, வழக்குத் தீர்த்தது, செத்தால் முறைப்படி புதைத்தது எல்லாம் சங்கம்தான். 1867 பினாங்குக் கலவரத்தில் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்த வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிச் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. 1890இல் வெள்ளைக்காரனின் தடைச் சட்டம் நடப்புக்கு வந்தது. சங்கங்கள் மறைந்து வாழப் பழகிக்கொண்டன. நம் தோட்டத்து ஆள் அந்தக் கதைக்குள் ரொம்பப் பிந்தி வந்தவன். அதுவும் சூதாட்டக் கடைக்குக் காவல், கடன் வசூல் என்று கூலிக்கு அடிக்கப் போனவன். பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்த ஆரம்பித்தான்.

ஏன் போனான் என்பதுதான் கேள்வி. வறுமை என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பெற்றோர் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் இதைவிட மோசமான வறுமை இருந்தது. லயத்து வீடு (ஒட்டிக் கட்டிய வரிசை வீடு), பொதுக் குழாய், மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை.

தோட்டத்தைக் கொண்டாட நான் வரவில்லை. கங்காணி கை ஓங்கினால் கேட்க நாதி இல்லாத இடம் அது. கள்ளுக்கடையும் உள்ளுக்குள்ளேயே இருந்தது, வாங்கின சம்பளம் அங்கேயே இறங்கியது. ஆனால் இதே கெடா பீடோங் வட்டாரத்துப் பிள்ளைகளே அந்தக் கள்ளுக்கடைக்கு எதிராக எழுந்தார்கள் என்பதை எத்தனை பேர் வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? ஜப்பான்காரன் போன கையோடு, ஹார்வார்ட் தோட்டத்தை மையமாக வைத்து, ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பயிற்சி எடுத்தவர்கள், அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். வரிசையில் நின்று அணிவகுத்தார்கள், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள், குடிகாரனைப் பிடித்துக் கண்டித்தார்கள். கண்டிப்பு சில சமயம் கை நீட்டுகிற வரைக்கும் போனது, அதை மறைக்க வேண்டாம். 1947இல் போலீஸ் அடித்துக் கலைத்தது. மறு ஆண்டு கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம். அதற்கடுத்த 1949 மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை பூடு சிறையில் தூக்கில் போட்டார்கள். தோட்டத்து இளைஞன் ஒன்று சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று அந்த மூன்று வருடத்தில் நன்றாகவே காட்டிவிட்டார்கள்.

வரிசையில் நிற்க ஆசைப்படுகிற வயது, ஒரே மாதிரிச் சட்டை போட ஆசைப்படுகிற வயது எல்லாக் காலத்திலும் உண்டு. அன்று அந்த வயதை யாரோ நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டார்கள். (ஹார்வார்ட் பேரில் இன்று கோல்ஃப் மைதானம் இருக்கிறது. போய்ப் பாருங்கள், புல் அழகாக இருக்கும்.)

பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்து, பல்லாயிரம் குடும்பங்கள் இந்தியாவுக்கே திரும்பின. கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்தது. புத்ராஜெயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்த பிராங் புசார், மெடிங்லி, செட்ஜ்லி, கேலவே தோட்டத்து மக்கள் கடைசியில் டிங்கில் அடுக்குமாடியில் வந்து நின்றார்கள்.

முன்பு பதினைந்து வயதில் படிப்பு ஏறாத பையனுக்கு அப்பாவோடு பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) போய்ச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேடு) பேர் பதியும் வழி இருந்தது. அது நல்ல வழி என்று சொல்லவில்லை, ஆனால் வழி. குத்தகைக்காரனும் வெளிநாட்டுத் தொழிலாளியும் வந்த பிறகு அதுவும் அடைபட்டது. அதே லயத்துப் பெண்பிள்ளைகள் சுங்கைப்பட்டாணி எலக்ட்ரானிக் பேக்டரி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். என் தங்கையே அந்தப் பஸ்தான். அவள் சம்பளத்தில் வீடு ஓடியது. தம்பிமார் இடைநிலைப்பள்ளிக்கு முந்தின பெராலிஹான் (புகுமுக) வகுப்பில் மலாய் புரியாமல் ஒரு வருடத்தைக் கழித்துவிட்டு, படிவம் இரண்டில் கடைசி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அங்கே பக்கத்து மேசைக்காரன் கேட்கிற முதல் கேள்வியே "நீ எந்த நம்பர்டா?" என்பதுதான். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே ரத்தம், ஒரே சினிமா.

ஒரு சாவு வீட்டைச் சொல்கிறேன். எங்கள் தாமானுக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில் ஓர் அம்மா தவறிவிட்டார். மகன் லாரி கிளிண்டான் (உதவியாள்). நாங்கள் கோயில் கமிட்டிக்காரர்கள் ஒரு மாலையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மணிக்குப் போனோம். அதற்குள் பந்தல் போட்டாகிவிட்டது, நாற்காலி இறங்கிவிட்டது, போத்தல் தண்ணீர் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது, உறுமி மேளத்துக்கும் சொல்லியாகிவிட்டது. கறுப்பு டீசட்டைப் பையன்கள், முதுகில் எண். அதில் ஒருவன் எங்களைப் பார்த்து, "உட்காருங்க மாமா, காப்பி வருது" என்றான். அவ்வளவு மரியாதை. பெட்டிக்கு யார் பணம் கட்டினார்கள் என்று மகனிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணன் பார்த்துக்கிட்டாரு மாமா." கும்பல் தலைவரான அந்த அண்ணன் இந்த அம்மாவை உயிரோடு பார்த்ததே இல்லை.

தோட்டத்தில் என்றால் தண்டல் லயம் லயமாகச் சொல்லி வருவார். ஆசாரி பலகை அறுப்பார். மரண சகாய நிதியில் இருந்து பணம் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும். தாமானுக்கு வரும்போது சாமி சிலையைப் பத்திரமாகக் கொண்டுவந்தோம், அந்த நிதியைக் கொண்டுவரவில்லை. நாம் விட்ட இடத்தை அண்ணன் பிடித்துக்கொண்டார். பெட்டிக் காசை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. சில மாதம் கழித்து வேறொன்று கேட்டார். என்னவென்று எழுதமாட்டேன். பையன் இப்போது உள்ளே இருக்கிறான்.

அதனால் அண்ணன்மார் தருமப் பிரபுக்கள் என்று யாரும் படித்துவிட வேண்டாம். போதைத்தூள் வியாபாரத்தில் லாபம் அவர்களுக்கு, வெட்டுக் காயம் நம் பிள்ளைக்கு. பிடிக்க வேண்டியவனைப் பிடிக்கட்டும். ஆனால் விசாரணை இல்லாமல் அடைத்து வைப்பதால் இது ஒழியும் என்று என்னிடம் சொல்லாதீர்கள். 1969 அவசரகாலச் சட்டத்தின்கீழ் நாற்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தார்கள். 2011இல் அதை எடுத்தார்கள், 2013இல் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி வேறு பேரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த நாற்பது வருடத்தில்தான் நம் பையன்கள் எண்ணுக்குள் போனார்கள்.

கமிட்டியில் இருக்கிறவன் என்ற முறையில் ஒரு காரியம் செய்யப் போகிறேன். அடுத்த கூட்டத்தில் மரண சகாய நிதியைத் திரும்பத் தொடங்கச் சொல்லித் தீர்மானம் வைக்கிறேன், வீட்டுக்கு மாசம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கச் சேர்த்த பணத்தில் இருந்து முதல் தொகையை எடுக்கலாம் என்றும் சொல்வேன். வர்ணம் அடுத்த வருடம் அடித்துக்கொள்ளலாம். தலைவருக்கு இது பிடிக்காது என்று எனக்கு இப்போதே தெரியும். ஆட்சேபம் உள்ளவர்கள் இங்கே கமெண்டில் சண்டை போடாமல் கூட்டத்துக்கு வாருங்கள்.