பிழை வேறு, மோசடி வேறு
எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி) ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொன்ன பிரித்தானிய மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 ஆய்வு 'பிழையானது' என்று உங்கள் கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். இல்லை, மோசடி. 12 பிள்ளைகளும் எம்எம்ஆர் ஊசிக்கு முன் நல்லாத்தான் இருந்தார்கள் என்று எழுதினார். ஐந்து பேருக்கு வளர்ச்சிச் சிக்கல் இருந்தது பழைய மருத்துவக் குறிப்பிலேயே கிடந்தது. ஊசிக் கம்பனிகள் மீது வழக்குப் போட இருந்த சட்டத்தரணியிடம் வாங்கிய காசையும் மறைத்தார். ஆய்வை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் அதை மீளப்பெற்றது 2010இல். 12 வருசம்!

மோசடியைச் சொல்வது ஒருபுறம்; களுவாஞ்சிக்குடியோ கல்முனையோ, கிளினிக்கில் தாய்மாருக்கு முதலில் சொல்ல வேண்டியது ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல் கணக்கு. இலங்கையில் எம்எம்ஆர் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுவது. காய்ச்சல் பெரும்பாலும் அன்றைக்கு வராது. ஒரு கிழமை கழித்து, 7 முதல் 12 நாளுக்குள், சிலருக்கு மெல்லிய தடிப்போடு வரும். இதைச் சொல்லாமல் விட்டால் பயந்துபோய் இரண்டாவது ஊசிக்குக் கூட்டி வரமாட்டார்கள். 9 மாத ஊசி மட்டும் என்றால் நூறில் ஏறக்குறைய 15 பிள்ளைகளுக்குச் சின்னமுத்து எதிர்ப்புச் சக்தி பிடிக்காது.