தேள் கொட்டியதால் சேபா வேலைக்கு வரவில்லை

லண்டனில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது ஒருநாள் பிரிட்டிஷ் மியூசியம் போனோம். அக்கா மகளுக்கு மம்மி பார்க்க வேண்டும், எனக்குப் பழைய எகிப்து எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல். கடைசியில் நான் அதிக நேரம் நின்றது ஒரு சுண்ணாம்புக்கல் சில்லுக்கு முன்னால்.

ரொசெட்டா கல்லைக் கூட்டத்துக்கு நடுவே எட்டித்தான் பார்க்க முடிந்தது. அதன் பக்கவாட்டில் ‘1801-ல் பிரிட்டிஷ் ராணுவம் எகிப்தில் கைப்பற்றியது’ என்று ஆங்கிலத்தில் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். களவுக்குத் தானே ரசீது எழுதிக்கொண்ட மாதிரி. சரி, அதை விடுவோம்.

மேல் மாடியில் கெபெலின் மனிதர், எகிப்தில் கெபெலின் என்ற இடத்தில் கிடைத்தவர். சுமார் 5,500 வருடங்களுக்கு முன் புதைத்த உடல், யாரும் பதப்படுத்தவில்லை, சூடான மணலே ஈரத்தை உறிஞ்சிக் காயவைத்துவிட்டது. முழங்காலை மடக்கி, கைகளை முகத்தோடு சேர்த்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், தூங்குகிற பையன் போல. பையன்தான். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வயது 18-லிருந்து 21-க்குள், பின்னாலிருந்து இடது தோள்பட்டையில் குத்திக் கொன்றிருக்கிறார்கள் என்று 2012-ல் தெரியவந்தது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தலையில் ஒட்டியிருக்கும் செம்பட்டை முடியை வைத்து முன்பு ‘ஜிஞ்சர்’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

குத்துப்பட்டுச் செத்தவன் பக்கத்தில் இரண்டு பேர் பல்லைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஸ்கேன் படம் வைக்கட்டும், விளக்கம் எழுதட்டும், ஆனால் அந்த உடம்பை மணலுக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. அக்கா மகளிடம் சொன்னேன். “இங்க வைக்கலேன்னா இப்படி ஒருத்தர் இருந்தார்னே நமக்குத் தெரியாதே மாமா” என்றாள். பதில் வரவில்லை.

பதில் அந்தச் சில்லில் இருந்தது. எகிப்திய மன்னர்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த தொழிலாளிகளின் ஊர் டெய்ர் எல்-மெதினா. அங்கே இரண்டாம் ராமெசிஸ் மன்னரின் 40-வது ஆட்சி ஆண்டில் எழுதிய மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேடு, அது. 40 பேருடைய பெயர், வராத நாட்கள் கறுப்பு மையில், அதற்கு மேலே பொடியாகச் சிவப்பு மையில் காரணம். ஒருவனுக்குக் கண் வலி. இன்னொருவன் அம்மாவின் பிணத்துக்குத் துணி சுற்றப் போயிருக்கிறான். சேபாவைத் தேள் கொட்டிவிட்டது. பீர் காய்ச்சப் போனவர்களும் உண்டு, அதையும் கணக்கர் கூசாமல் எழுதியிருக்கிறார். வீட்டில் மனைவிக்கோ மகளுக்கோ தீட்டு என்று வராதவர்களும் இருக்கிறார்கள். லீவ் லெட்டரில் நாம் எழுதத் துணியாத காரணம்.

மூவாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முந்தைய மனிதர்களைத் தெரிந்துகொள்ள இது போதாதா? யாருடைய தோலையும் எலும்பையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமலே அத்தனை பேரும் பெயரோடு, தலைவலியோடு எதிரில் வந்து நிற்கிறார்கள். ஆனால் அந்த அலமாரி முன்னால் ஈ காக்கை இல்லை. மம்மிக்கு மட்டும் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம்.

அப்புறம் இன்னொன்று. அந்தப் பட்டியலில் சிலர் வராததற்குக் காரணம், மேஸ்திரி தன் சொந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.