ஆட்டுக்காரம்மாவைத் திட்டினால் காடு வளருமா?

மரம் நடு விழாவில் வைத்த கன்றை ஆடு தின்றதென்று, ஆடு மேய்க்கும் அம்மா ஒருவரை ஒரு தம்பி திட்டுகிற அந்த வீடியோவை இங்கே பகிரப் போவதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நேற்று மட்டும் பதினோரு பேர் இன்பாக்ஸில் அனுப்பி, "உங்க ஊர்தானே?" என்று கேட்டிருந்தார்கள். ஆமாம், எங்கள் ஊர்தான். அந்தப் பொட்டலும் எங்கள் பொட்டல்தான். பச்சை டி-சர்ட் போட்ட தம்பி கையை நீட்டி நீட்டி "அறிவில்லையா, இப்பத்தானே கன்னு வச்சோம்" என்று கத்துகிறாரே, அவருக்கு எதிரில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் அம்மா எனக்குச் சித்தி முறை.

கமெண்ட்டுகளையும் படித்தேன். படித்திருக்கக் கூடாது. "இந்த மாதிரி ஆளுங்க இருக்கிற வரைக்கும் நாடு உருப்படாது" என்று ஒருவர் எழுதியதற்கு எத்தனை ஹார்ட்டின். என் நண்பர் பட்டியலில் இருப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். பார்த்துக்கொண்டேன்.

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசப் பார்க்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வறண்ட நிலத்தில் மரம் நிற்க வேண்டுமென்றால் முதலில் அங்கே ஆடு மேய்க்கிறவரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும். கன்று, குழி, டி-சர்ட், ட்ரோன் எல்லாம் அதற்கு அப்புறம்.

சண்டிகர் பக்கத்தில், ஹரியானாவில் சுகோமாஜ்ரி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1970களில் சண்டிகரின் சுக்னா ஏரி மண் சேர்ந்து தூர்ந்துகொண்டே வந்தது. அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், மேலே சிவாலிக் குன்றுகளில் கால்நடை மேய்ந்து மொட்டையாகிக் கிடந்த சரிவுகளில் போய் நின்றது. பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள விஞ்ஞானி அங்கே போனார். மண் அணை கட்டினார்கள், செடி வைத்தார்கள். ஆனால் அணையில் நின்ற தண்ணீர் சில பேர் நிலத்துக்கு மட்டும் பாய்ந்ததும் மற்றவர்கள், அப்படியென்றால் நாங்கள் எதற்கு மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்று நின்றுவிட்டார்கள். நியாயம்தானே? கடைசியில் நிலம் இருக்கிறவர், இல்லாதவர் என்று பார்க்காமல் குடும்பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று முடிவானது. நிலமில்லாதவர் தன் பங்கை அடுத்தவருக்குக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு அப்புறம்தான் ஆடு மாடுகள் குன்றை விட்டு இறங்கின. கம்பி வேலியால் முடியாததை அந்தப் பங்கு செய்தது. யாரும் யாரையும் வீடியோ எடுக்கவில்லை. (அப்போது போனே இல்லை என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள், எனக்கும் தெரியும்.)

அடுத்து, மகாராஷ்டிரத்தில் அகமத்நகர் மாவட்டம் (இப்போது அகில்யாநகர்), ஹிவரே பஜார். நம் பசுமைக் காவலர்கள் எல்லோரும் மேடையில் சொல்லும் ஊர். அங்கே வருசத்துக்கு 400 மி.மீ. சொச்சம்தான் மழை. எங்கள் சிவகங்கைப் பக்கம் அதைப் போல இரண்டு பங்கு பெய்யும். 1989இல் போபட்ராவ் பவார் ஊர்த் தலைவரானார். கண்டபடி மேய்க்கத் தடை, மரம் வெட்டத் தடை. 'தடை' என்றதும் நம் ஆட்களுக்குக் குஷியாகிவிடும். தடை போட்டது யார்? ஆடு மாடு வைத்திருந்த அதே ஊர்க்காரர்கள், கிராமசபையில் உட்கார்ந்து போட்டது. மேய்க்கக் கூடாது, ஆனால் வளர்ந்த புல்லை அறுத்துக்கொண்டு போகலாம். குன்றைச் சுற்றி அகழி வெட்டினார்கள், ஓடையில் தடுப்பணை கட்டினார்கள். பாசனத்துக்குப் போர்வெல் போடக் கூடாது, கரும்பு கூடாது. இன்றைக்கும் மழையை அளந்து, கிணற்றை அளந்து, குடிக்க எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு, மிச்சத்தில் என்ன பயிர் வைக்கலாம் என்று கணக்குப் போடுகிற ஊர் அது. மேடையில் சொல்கிறவர்கள் அந்த ஊர் மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கிராமசபையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

"நீ என்ன கிழித்தாய்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

2019 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். நானும் ஏழெட்டுப் பேரும் கண்மாய்க்கரை ஓரம் 200 கன்று வைத்தோம். பேனர்கூட அடித்தோம். அந்தப் போட்டோ இன்னும் என் டைம்லைனில் கிடக்கிறது, போய்ப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் வைத்த கன்று ஆடிக்காற்றையும் ஆவணி வெயிலையும் தாண்டி நிற்க வேண்டும். குடத்தில் தூக்கி ஊற்றிப் பார்த்தோம். தீபாவளிக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. அதில் ஆடு தின்றது முப்பது நாற்பது இருக்கும். மற்றதெல்லாம் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. ஆனாலும் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது என்ன தெரியுமா? ஆடு தின்றுவிட்டது. அதுதானே சுலபம்.

அப்போது ஆட்டு மந்தையோடு கிடை போட வந்திருந்த கீதாரி (மேய்ப்பர்) ஒருவர்தான் கூப்பிட்டுச் சொன்னார். "மேல பெய்யிற தண்ணி பூராவும் ஓடிப்போகுது, நீங்க கீழ குடத்தத் தூக்கிக்கிட்டு அலையிறீக." மழைக்கு அப்புறம் எந்த இடத்தில் முதலில் புல் முளைக்கும், எது வரைக்கும் ஈரம் நிற்கும் என்று அந்தப் பொட்டல் முழுக்க நடத்திக் காட்டினார். மேய்க்கிறவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 40,000 லிட்டர். ஓர் இரவு நல்ல மழை 5 செ.மீ. என்றால் இரண்டு லட்சம் லிட்டர். நாங்கள் குடம் தூக்கினோம்.

அடுத்த வருசம் கன்றே வைக்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு மண்கரை போட்டோம். தண்ணீர் ஓடிவரும் வரத்துக்காலில் கல் அடுக்கினோம். ஆடு வைத்திருந்த ஒன்பது குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசினோம். மூன்று தடவை பேச்சு முறிந்தது. ஒரு தடவை நானே கோபித்துக்கொண்டு எழுந்து வந்தேன். கடைசியில் மேய்ச்சல் புறம்போக்கில் பாதியை இரண்டு வருசம் மேய்க்காமல் விடுவது, புல் வந்தால் அந்த ஒன்பது வீட்டுக்கும்தான் அறுப்பு உரிமை என்று முடிவானது. அதற்கு முதலில் தலையாட்டியவர், வீடியோவில் திட்டு வாங்கும் இந்தச் சித்திதான்.

கொழுக்கட்டைப் புல் வந்தது. வெட்டுப்பட்டுக் கிடந்த வெள்வேல் மரம் தூரிலிருந்து துளிர்த்தது. இலந்தை வந்தது. நாங்கள் யாரும் நடாத இடத்தில் நாட்டுக்கருவேல் முளைத்தது. நெற்றைத் தின்று விதையைப் புழுக்கையில் போட்டது ஆடு. (அதே ஆடுதான் சீமைக்கருவேலையும் பரப்புகிறது. ஒத்துக்கொள்கிறேன். அதைப் பிடுங்குகிற வேலை தனி.)

"அப்ப ஆடு கன்றைத் தின்றால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?" வேண்டாம். தின்னும், ஆடு வேறென்ன செய்யும்? அதனால்தான் முன்கூட்டியே பேசச் சொல்கிறேன்.

"அவங்க சொந்தக் காசைப் போட்டு நல்லது செய்ய வந்தாங்க." வந்தார்கள். என் வீட்டுக்குள் சொல்லாமல் வந்து உங்கள் காசில் சுவருக்குப் பெயின்ட் அடித்தால் நான் நன்றி சொல்ல வேண்டுமா?

"உனக்குப் பொறாமை." போகட்டும், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆட்டுக்காரங்களைத் தலையில தூக்கி வைக்காதீங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்தவர், நல்ல வேலையில் இருக்கிறவர். என் அப்பத்தா வெள்ளாடு வளர்த்தவர். நான் பாலிடெக்னிக் சேர்ந்தபோது இரண்டு கிடாயை விற்றுத்தான் பணம் கட்டினார். சந்தைக்கு ஓட்டிப் போகும் வழியில் ஒன்று திரும்பித் திரும்பி வீட்டுக்கு ஓடி வந்தது. அதைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தது நான். தலையில் தூக்கி வைக்க வேண்டாம் சார். தரையில் நிற்க விடுங்கள், போதும்.

வீடியோவில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விழாவுக்கு முந்தின நாள் ஜேசிபி வந்தது. 'புதரைச் சுத்தம்' செய்தார்கள். அந்தப் புதர்தான் நாங்கள் நாலு வருசம் காத்த வெள்வேலும் இலந்தையும் ஆவாரையும். பந்தல் சாமான் ஏற்றிய வண்டி உள்ளே வர வேண்டும் என்று மண்கரையில் ஏழெட்டு அடி அகலத்துக்கு வெட்டித் தள்ளிவிட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. பிறகு ஆயிரம் குழி, ஆயிரம் கன்று, அத்தனையும் வேம்பும் புங்கையும் பூவரசும். தேதி? ஜூன் 5தான். நாலு வருசம் காத்த மரத்தைப் பிடுங்கிவிட்டு ஒரு முழக் கன்று வைத்தவர்கள், இரண்டு வருசம் ஆட்டைக் கட்டி வைத்திருந்த பெண்ணைப் பார்த்து அறிவில்லையா என்று கேட்கிறார்கள்.

இதற்கு ஹார்ட்டின் போட்ட நண்பர்களே, நல்லா இருங்கள்.

நேற்று சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பதினாலு ஆடும் கொட்டத்தில் கட்டியே கிடந்தன. மூன்று நாளாக ஓட்டவில்லையாம். பேரன் எங்கிருந்தோ வேப்பங்குழை ஒடித்து வந்து போட்டிருந்தான். நான் எவ்வளவோ பேச வேண்டும் என்று போனேன், வாயில் ஒன்றும் வரவில்லை. மணி பார்க்கலாம் என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். சித்தி சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "நீயும் எடுக்கப் போறியாப்பா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தக் கரையைத் திரும்பக் கட்டுகிறோம். மண்வெட்டி, கூடை இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள். கஞ்சி உண்டு. டி-சர்ட் கிடையாது.