நிதி திரட்டும் கச்சேரியில் வாசிப்பவருக்கும் ஊதியம் உண்டு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் கிட்டார் இசை நிகழ்ச்சி ஒன்று நடந்தது. வடசென்னையில் மீனவர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த பிறகு நாடகமும் இசையும் கற்றுத்தருகிற ஒரு சிறிய அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த நிகழ்ச்சி அது. அந்த அறக்கட்டளையின் வரவு செலவுக் கணக்கை ஆறு ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். நிகழ்ச்சி முடிந்த மறுவாரம் வழக்கம்போல் கணக்கை எழுதி உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். அதில் 'கலைஞர் ஊதியம் ரூ. 15,000' என்றிருந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூன்று பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். மூவரும் நல்லவர்கள், கையிலிருந்து கொடுத்துப் பழகியவர்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்விதான்: தர்ம காரியத்துக்கு வாசிக்க வந்தவருக்கு எதற்குப் பணம்?

அவர்களுக்குத் தொலைபேசியில் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 500 ரூபாய் வீதம் 132 நுழைவுச்சீட்டுகள் விற்றன, வரவு 66,000. அரங்க வாடகை 12,000, கலைஞர் ஊதியம் 15,000, சுவரொட்டி, ஆட்டோ, தேநீர், தண்ணீர் எல்லாம் சேர்த்து 3,500. ஆக, சீட்டு விற்பனையில் மிஞ்சியது 35,500. அன்று வந்தவர்களும் வர முடியாதவர்களும் தனியாகக் கொடுத்த நன்கொடை 41,000. இரண்டும் சேர்ந்து கையில் நிற்பது 76,500 ரூபாய். பிள்ளைகள் பயிற்சி செய்யும் இடத்துக்கு மாத வாடகை 14,000. ஐந்து மாத வாடகை போக 6,500 மிஞ்சும், அதில் கிட்டார்களுக்குத் தந்தி வாங்கலாம். அந்த 15,000-ஐக் கொடுக்காமல் இருந்திருந்தால் ஆறாவது மாத வாடகையும் கைக்கு வந்திருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கணக்கின்படி அவர் சொல்வது சரிதான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அன்று மாலை நான் மேடைக்கு மிக அருகில், மூன்றாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சிக்கு அந்தக் கலைஞர் நான்கு மணிக்கே வந்துவிட்டார். நம் ஊர் ஈரக் காற்றிலிருந்து குளிரூட்டிய அறைக்குள் கொண்டுவந்ததும் மரக்கட்டையும் நைலான் தந்திகளும் தம் போக்கில் மாறத் தொடங்கும் என்பதால், வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் அதைத் தொடவே இல்லை. பிறகு சுருதி சேர்த்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் சேர்த்தார். வலக்கை நகங்களை நுண்ணிய உப்புத்தாளால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, விளக்கு வெளிச்சத்தில் விளிம்பைப் பார்த்து, மறுபடியும் தேய்த்தார். நகத்தால் மீட்டும் இந்தச் செவ்வியல் வகைக் கிட்டாரில் ஒலியின் குணமே அந்த நகத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. ஒரு நகம் உடைந்தால் அது வளர்ந்து வரும்வரை அவருக்கு மேடை இல்லை என்று பிறகு சொன்னார். பாத்திரம் துலக்குவதிலும் கதவைத் திறப்பதிலும்கூட அந்தக் கையை அவர் காத்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

நிகழ்ச்சியின் இரண்டாம் பகுதியில் ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ தாரேகா இயற்றிய, அல்ஹம்ப்ரா அரண்மனையின் நினைவாக அமைந்த இசையை வாசித்தார். பெருவிரல் கீழே மந்தரச் சுரங்களை மீட்டிக்கொண்டே போக, மேலே மோதிரவிரலும் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே தந்தியை அடுத்தடுத்துத் தொட்டு விடுகின்றன. ஒவ்வொரு தொடுகையும் தனித்தனியானது, ஆனால் காதுக்கு அது அறுபடாத ஒரே இழையாகக் கேட்கிறது. ட்ரெமோலோ என்று பெயர். மூன்று விரல்களில் ஒன்று இம்மி பிசகினாலும் இழை நொண்டும். அன்று நொண்டவில்லை. ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்ததால் அரங்கில் இருந்தவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் கேட்டார்கள். இளையராஜாவின் பாடல்களுக்குள் கிட்டாரைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது பழகிய ஒலிதான். ஆனால் பாடல் இல்லாமல், குரல் இல்லாமல், ஒற்றை வாத்தியமாக ஒன்றரை மணி நேரம் கேட்பது அங்கிருந்த பலருக்கு அதுவே முதல் முறை.

இந்த மூன்று விரல்களைப் பழக்க அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று நான் கேட்கவில்லை. அவர் எப்படிப் பிழைக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வீடுவீடாகப் போய்க் கிட்டார் சொல்லித்தருகிறார். சனி, ஞாயிறுதான் அவருக்கு வகுப்பு அதிகம். நமக்காக வந்த அந்தச் சனிக்கிழமை நான்கு வகுப்புகளை அவர் தள்ளிவைத்தார், அவற்றில் இரண்டுக்கான கட்டணம் திரும்பி வராது. நல்ல தந்தித் தொகுதி ஒன்று ஆயிரம் ரூபாயைத் தொடுகிறது, நிகழ்ச்சிக்கு முன் புதிது மாட்டியாக வேண்டும். இவ்வளவும் அவர் மேடையில் உட்காருவதற்கு முன்பே ஆகிவிட்ட செலவு.

அரங்கத்துக்காரரிடம் தர்ம காரியம் என்று சொல்லி வாடகையைத் தள்ளுபடி செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சுவரொட்டி அச்சடித்தவரிடம் கேட்கவில்லை, ஆட்டோக்காரரிடமும் கேட்கவில்லை. தேநீர் கொண்டுவந்த தம்பிக்குக் குவளைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தோம். எல்லோரும் எதைக் கேட்க வந்தார்களோ அதைக் கொடுத்தவரிடம் மட்டும் சும்மா வாசிக்கச் சொல்லலாம் என்று நமக்கு எப்படித் தோன்றுகிறது? சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் அமைப்பின் நிதி நிகழ்ச்சிக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். வாசித்த இளைஞருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கண்ணாடிச் சட்டமிட்ட நினைவுப் பரிசு கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். முடிந்ததும் அவர் கிட்டார் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தப் பரிசை ஒரு கையில் பிடித்தபடி மாநகரப் பேருந்துக்குக் காத்து நின்றார். அந்தக் காட்சி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. நம் அறக்கட்டளையின் கணக்கில் 'கலைஞர் ஊதியம்' என்ற வரி இடம்பெற்றது அதனால்தான்.

வேறு எந்தப் பணிக்காக நடக்கும் நிதி நிகழ்ச்சியையும்விடக் கலை அமைப்புக்காக நடக்கும் நிகழ்ச்சியில் இது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாம் அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, இது பொழுதுபோக்கு அல்ல, இதுவும் உழைப்புதான், உங்கள் மகள் இதைக் கற்றால் இதை வைத்து வாழலாம் என்று பெற்றோரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த மகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் கச்சேரியில், வாசித்தவருக்குத் துண்டும் கைதட்டலும் போதும் என்று நாமே முடிவு செய்தால், நாம் வாசலில் நின்று சொன்னது என்ன ஆகும்?

எம். எஸ். சுப்புலட்சுமி எத்தனை நற்பணிகளுக்காகப் பாடிக் கொடுத்தார் என்று இரண்டாவது நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக அவர் பாடினார். அதன் பிறகு மருத்துவமனைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் கோயில்களுக்கும் பல்லாண்டுகள் பாடித் திரட்டிக் கொடுத்தார். 1974-இல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது இசைக்கான விருது அல்ல, பொதுச்சேவைக்கான விருது. அந்த ஈகையின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அது எந்த வரிசையில் நிகழ்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1940-களின் தொடக்கத்தில் அவர் திரைப்படத்தில் நடித்துப் பெற்ற ஊதியம்தான் 'கல்கி' இதழைத் தொடங்க முதலாக அமைந்தது. அதாவது, அவருடைய கலைக்கு ஒரு விலை இருந்தது, அந்த விலை அவர் கைக்கு வந்தது, அதன்பின் அதை எங்கே கொடுப்பது என்று முடிவு செய்யும் இடம் வந்தது. மறுத்தால் அடுத்த மேடை கிடைக்காதோ என்று அஞ்சுகிற 28 வயது கிட்டார் ஆசிரியருக்கு அந்த இடம் இல்லை. அவர் தலையசைப்பதை ஈகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுத்தில் இருக்க வேண்டியது எழுத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய நல்லெண்ணமும் சிக்கிக்கொள்ளும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், சிதார் கலைஞர் பண்டிட் ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்கிணங்க 'பீட்டில்ஸ்' இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய இரண்டு நிகழ்ச்சிகளில் நுழைவுச்சீட்டால் மட்டும் ஏறக்குறைய 2,43,000 டாலர் ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யூனிசெப்புக்குப் போனது. ஆனால் அந்த நிகழ்ச்சிகளின் இசைத்தட்டும் படமும் ஈட்டிய பெருந்தொகை, முன்கூட்டியே உரிய அமைப்பின் பெயரில் ஏற்பாடு செய்யப்படவில்லை என்பதால் வரிச் சிக்கலில் மாட்டி ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. நம்முடையது 132 சீட்டு நிகழ்ச்சி. ஆனாலும் ஊதியம் எவ்வளவு, எப்போது, ரசீது யார் பெயரில் என்பதை ஒரு தாளில் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு, இது எனக்கு நீண்டகால மனக்குறை. கொடுப்பவர்கள் பொருளைக் கொடுக்க விரும்புகிறார்கள், உழைப்புக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். கிட்டார் வாங்கித் தருகிறேன், அதில் என் தந்தையின் பெயரைப் பொறியுங்கள் என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். ஆசிரியரின் மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று இந்த ஆறு ஆண்டுகளில் ஒருவர்கூட வந்ததில்லை. இன்று நம்மிடம் 11 கிட்டார்கள் இருக்கின்றன, ஆசிரியர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார். இங்கிலாந்தில் பாடகர் பில்லி பிராக் 2007-இல் தொடங்கிய 'ஜெயில் கிட்டார் டோர்ஸ்' என்ற அமைப்பு சிறைகளுக்குக் கிட்டார்களைக் கொண்டுசேர்க்கத் தொடங்கியது. அதே பெயரில் அமெரிக்காவில் அந்தப் பணியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேய்ன் கிராமர் தாமே கிட்டார் கலைஞர், தாமே சிறையில் இருந்தவர். அங்கே கிட்டாரைக் கொடுத்ததோடு நிற்காமல், சிறைக்குள் பாட்டெழுதும் பயிலரங்குகளையும் நடத்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தர ஒரு மனிதர் இல்லாவிட்டால் கிட்டார் சுவரில் தொங்கும் மரப்பெட்டிதான். அந்த மனிதருக்குச் சாப்பாடு வேண்டும்.

இசையமைத்தவருக்கும் இதே நியாயம் பொருந்தும். நிகழ்ச்சியின் முடிவில் பார்வையாளர்கள் ஒரு திரைப்பாட்டைக் கேட்டார்கள், கலைஞர் கைகூப்பி மறுத்தார். சிலருக்கு வருத்தம். அவர் மறுத்ததற்குக் காரணம் நான்தான். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தொழில்முறை சாராத குழுக்கள் கட்டணமில்லாமல் நடத்தும் நிகழ்ச்சிக்கும் சமய நிறுவனத்தின் நலனுக்காக நடத்தும் நிகழ்ச்சிக்கும் விலக்குத் தருகிறது. சீட்டு விற்று நடத்தும் நம்மைப் போன்ற கலை அமைப்பு அந்த விலக்கில் வராது. உரிமம் பெறாமல் வாசித்தால் இன்னொரு கலைஞரின் பணத்தில் நாம் தர்மம் செய்ததாக ஆகும். தாரேகா 1909-இல் மறைந்தவர், அவர் படைப்புகளின் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதனால்தான் நிரல் முழுவதும் அப்படிப்பட்ட பழைய படைப்புகளாகவே இருந்தன. அடுத்த முறை உரிமக் கட்டணத்தையும் மதிப்பீட்டில் சேர்த்து, நீங்கள் கேட்ட பாட்டையும் வைப்போம்.

அடுத்த நிகழ்ச்சிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சீட்டுக்குக் கொடுப்பது கச்சேரிக்கான விலை, அதற்கு வருமான வரிச் சலுகைக்கான நன்கொடைச் சான்று தர இயலாது. நன்கொடையைத் தனியாகக் கொடுங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக அனுப்புங்கள். புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படி எந்தச் சலுகையும் இல்லாமல்தான் இந்த முறை பலர் கொடுத்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்த ஒன்பதாம் நாள் அந்தக் கலைஞர் பயிற்சி இடத்துக்கு வந்தார். தந்தி இல்லாமல் கிடந்த மூன்று கிட்டார்களுக்குத் தந்தி மாட்டிக் கொடுத்துவிட்டு, என்னிடம் 5,000 ரூபாய்க்கு ஒரு காசோலையை நீட்டி, "இத நன்கொடையா எழுதிக்குங்க சார்" என்றார். மற்ற எல்லோருக்கும் எழுதுவதைப் போல் அவருக்கும் ரசீது எழுதினேன். கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்தார். அவர் கொடுக்காமல் இருந்திருந்தாலும் நான் இந்தப் பதிவில் எழுதியதில் ஒரு சொல்லும் மாறியிருக்காது.

தை மாதத்தில் நடக்கவிருக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கான மதிப்பீட்டை நேற்று இரவு எழுதி அறங்காவலர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் வரியில் கலைஞர் ஊதியம், இரண்டாம் வரியில் உரிமக் கட்டணம், அதன் பிறகு அரங்க வாடகை. ஒருவர் முதல் வரிக்கு நேராகக் கேள்விக்குறி இட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரோடு உட்கார்ந்து பேசுவேன்.