பத்து ஓட்டில் வந்த மேயர்

அமெரிக்க அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸ் என்றதும் பலருக்கு 2016, 2020 அதிபர் தேர்தல் மேடைகள்தான் நினைவுக்கு வருகின்றன. 'நன்றாகப் பேசுவார், அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில், அப்போது நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊரில், அவர் எட்டு வருடம் மேயராக இருந்ததை யாரும் பேசுவதில்லை.

1970-களில் ஆளுநர் பதவிக்கும் செனட்டுக்குமாக நான்கு முறை நின்று நான்கிலும் தோற்றவர். 1981 மார்ச்சில், ஐந்து முறை ஜெயித்த ஜனநாயகக் கட்சி மேயரை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றார். மறு எண்ணிக்கையில் வித்தியாசம் பத்தே ஓட்டு!

தலைவலி அப்புறம்தான். நகர மன்றத்தில் 13 பேர், இவர் பக்கம் இரண்டே பேர். இவர் நியமித்தவர்களை மன்றம் ஏற்கவில்லை. முதல் வருடத்தைப் பழைய மேயரின் ஆட்களை வைத்தே ஓட்டினார். அதற்காகப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. நகராட்சிக் காப்பீட்டை டெண்டர் விட்டுச் செலவைக் குறைத்தார். அடுத்த தேர்தலில் தன் ஆட்கள் சிலரை மன்றத்துக்குக் கொண்டுவந்தார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வீட்டு விஷயம். 1984-ல் நகராட்சி 2,00,000 டாலர் கொடுத்து ஒரு நில அறக்கட்டளை தொடங்க வழி செய்தது. நிலம் அறக்கட்டளைக்கே சொந்தம். குடும்பம் வாங்குவது வீட்டை மட்டும், அதனால் விலை குறைவு. பிறகு விற்கும்போது, ஏறிய மதிப்பில் கால் பங்கு அவர்களுக்கு. மீதி அந்த வீட்டோடு தங்கிவிடும், அடுத்து வருபவரும் குறைந்த விலைக்கே வாங்கலாம். ஒரு தடவை கொடுத்த மானியம் அடுத்தடுத்த குடும்பங்களுக்கும் உதவுகிறது. அதே அமைப்புதான் இன்று சாம்ப்ளைன் ஹவுசிங் டிரஸ்ட். 2008-ல் உலக வாழ்விட விருது வாங்கியது.

பர்லிங்டன் ஏரிக்கரை விஷயத்தில் மட்டும் அவரைப் புகழ்பவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். 1985-ல் தனியார் கட்டுமானத் திட்டம் ஒன்றை அவரே ஆதரித்தார். அதற்காக நகராட்சி கடன்பத்திரம் விட்டுப் பணம் திரட்ட, ஊர் மக்களின் ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பாதிக்கு மேல் விழுந்தும் அது கிடைக்கவில்லை, திட்டம் நின்றது. அந்தக் கரைநிலம் பொது நன்மைக்கே என்று 1989-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று அங்கே பூங்காவும் சைக்கிள் பாதையும் இருக்கின்றன. அந்தப் பெருமையில் பாதி, அன்று வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்களுக்குச் சேர வேண்டும்.

1983, 1985, 1987 என மூன்று முறை மறுபடி ஜெயித்து, 1989-ல் பதவியை விட்டு இறங்கினார். அடுத்து மேயரானவர், அவருடைய நகர வளர்ச்சி அலுவலகத்தை நடத்திய பீட்டர் கிளாவெல்.