பார்ஹாம் கப்பலின் கடைசி நிமிடங்களும் ஜான் டர்னர் என்ற பெயரும்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ஆவணப்படங்களைப் பார்ப்பவர்கள், ஒரு பெரிய போர்க்கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து, அடுத்த சில நொடிகளில் வெடித்துச் சிதறும் கறுப்பு வெள்ளைக் காட்சியை அநேகமாகக் கண்டிருப்பார்கள். அது எந்தக் கப்பல் என்றோ எடுத்தவர் யார் என்றோ சொல்லாமல் அந்தக் காட்சியைக் கையாளும் பழக்கம் இன்னமும் நீடிப்பது பெரும் தவறு என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் கப்பல் பிரிட்டிஷ் கடற்படையின் எச்.எம்.எஸ். பார்ஹாம். 1941 நவம்பர் 25 அன்று மாலை, எகிப்துக் கரைக்கு அப்பால், யூ-331 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி ஏவிய டார்பிடோக்களில் மூன்று அதைத் தாக்கின. உடன் சென்ற வேலியன்ட் கப்பலின் தளத்தில் நின்று அதைப் படம்பிடித்தவர், திரையரங்குகளில் காட்டப்படும் செய்திப்படங்களைத் தயாரித்த கௌமான்ட் பிரிட்டிஷ் நியூஸ் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் டர்னர். தாக்கிய நீர்மூழ்கி கட்டுப்பாடு இழந்து வேலியன்டுக்கு மிக அருகிலேயே நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டது. பீரங்கிகளை அவ்வளவு கீழே தாழ்த்திச் சுட முடியாத நிலையில், வேலியன்ட் அதை மோதி மூழ்கடிக்கத் திரும்பியது. அப்படி ஆபத்தின் நடுவில் இருந்த கப்பலில் நின்றுதான் டர்னர் படமெடுத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கவிழ்ந்துகொண்டிருக்கும் கப்பலின் உடற்பகுதியில் சிறு சிறு கரும்புள்ளிகள் அசையும். அவை மனிதர்கள். செங்குத்தாக இருந்த இரும்புச் சுவர் தரைபோலப் படுத்துவிட, அதன் மேல் ஓடியும் சறுக்கியும் கடலை அடைய முயல்கிறார்கள். பலர் அங்கே இருக்கும்போதே வெடிமருந்துக் கிடங்கு வெடிக்கிறது. 862 பேர் இறந்தார்கள். டார்பிடோ தாக்கியதிலிருந்து எல்லாம் முடிய ஏறக்குறைய நான்கு நிமிடங்களே ஆயின. அக்காலத்து பிரிட்டிஷ் செய்திப்படக்காரர்கள் பெரிதும் விரும்பிய நியூமன்-சின்க்ளேர் கேமரா, சாவி கொடுத்து ஓட்டப்படுவது. ஒரு தடவை மாட்டும் 200 அடி ஃபிலிம் இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே ஓடும். எந்த நொடியில் ஓட்டத் தொடங்குவது, எப்போது நிறுத்திச் சேமிப்பது என்பதைக் கண் முன்னே சக மனிதர்கள் சாகும்போதும் தீர்மானிக்க வேண்டிய தொழில் அது.

கப்பல் மூழ்கியது எதிரிக்கு உறுதியாகத் தெரியவில்லை என்பதால், பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை 1942 ஜனவரி இறுதிவரை செய்தியை மறைத்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் தகவல் அனுப்பி, வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. டர்னரின் படமும் போர் முடியும்வரை திரைக்கு வரவில்லை. போர்க்காலத்தில் அந்த மறைப்புக்குக் காரணம் இருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். பின்னர் நடந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. வேறு கப்பல்கள் மூழ்கும் கதைகளுக்கும், ஏன், கற்பனைத் திரைப்படங்களுக்கும்கூட அந்தக் காட்சி வெட்டி ஒட்டப்பட்டது. 862 பேரின் சாவை, எந்தக் கதையிலும் செருகிக்கொள்ளலாம் என்ற வெறும் வெடிப்புக் காட்சியாக்கியது அவர்களுக்கும் அதைப் பதிவுசெய்தவருக்கும் இழைத்த அநீதி.

செய்திப்படம் என்பதே கூட்டு உழைப்பு, ஒளிப்பதிவாளர் சம்பளத்துக்கு வேலை செய்தவர், உரிமை நிறுவனத்துடையது என்று சிலர் வாதிடுவார்கள். பிரிட்டனில் அன்று இயங்கிய ஐந்து செய்திப்பட நிறுவனங்களும் வாரத்துக்கு இரண்டு பதிப்புகளைத் திரையரங்குகளுக்கு அனுப்பின. வர்ணனையாளரின் குரல் ஊரறிந்ததாக இருந்தது, படமெடுத்தவரின் பெயர் பெரும்பாலும் திரையில் வரவே இல்லை. ஆனால் அதே நிறுவனங்கள் ஒவ்வொரு ஃபிலிம் சுருளோடும் ‘டோப் ஷீட்’ என்ற குறிப்புத்தாளை ஒளிப்பதிவாளரிடம் கேட்டு வாங்கின: எந்த இடம், எந்த நாள், எந்தக் காட்சியில் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். எடுத்தவரின் சாட்சியம் இல்லாமல் காட்சிக்கு மதிப்பில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. உரிமை யாருடையது என்பது வேறு, எடுத்தவர் யார் என்பது வேறு.

இது நமக்குத் தொலைவான விஷயமும் அல்ல. 1947-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட டர்னர், அதிகார மாற்ற நிகழ்வுகளை பிரிட்டிஷ் செய்திப்படங்களுக்காகப் படமாக்கினார். மூவிடோன் என்ற இன்னொரு செய்திப்பட நிறுவனத்துக்காக வேத் பர்காஷ் என்ற இந்தியரும் அந்நாட்களைப் பதிவுசெய்தார். ஆகஸ்ட் 15 வந்தால் நம் தொலைக்காட்சிகளில் அந்த ஆண்டின் காட்சிகள் ஓடுகின்றன. எடுத்தவர்கள் யார் என்று ஒரு வரி வருவதில்லை. 1950களில் எல்லாச் செய்திப்பட நிறுவனங்களுக்கும் பொதுவாக அரச குடும்பத்தைப் படமெடுக்கும் பொறுப்பு டர்னரிடம் இருந்தது. தொலைக்காட்சி பரவியதும் அந்தத் தொழிலே தேய்ந்தது. கௌமான்ட் பிரிட்டிஷ் நியூஸ் 1959-இல் நின்றுபோனது.

பழைய காட்சிகளை எடுத்தாளும் ஆவணப்படக்காரர்களிடமும் யூடியூப் நண்பர்களிடமும் நான் கேட்பது இதுதான்: கப்பலின் பெயர், நாள், இடம், ஒளிப்பதிவாளரின் பெயர் ஆகிய நான்கையும் காட்சியின் அடியில் ஒரே வரியில் போடுங்கள். பெயர் கிடைக்காத காட்சிகளில் நிறுவனத்தையும் ஆண்டையுமாவது குறிப்பிடுங்கள்.