ஆறு மார்க்குக்குச் சிவப்பு மை

அந்த மார்க் பட்டியலை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலு குரூப்பிலிருந்து வந்துவிட்டது. ஐஓக்யூஎம் (கணித ஒலிம்பியாடுக்கு இந்தியாவில் நடக்கும் முதல் கட்டத் தேர்வு) எழுதிய பிள்ளைகளின் பெயர்களை ஒரு பள்ளியின் பெற்றோர் குரூப்பில் போட்டு, பத்துக்குக் கீழே வாங்கியவர்களைச் சிவப்பில் குறித்து, "இவர்கள் இனி பாடத்தில் கவனம் செலுத்தவும்" என்று ஒரு வரி. பக்கத்தில் கைகூப்பும் எமோஜி வேறு. அந்த எமோஜிதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று இதைக் கண்டித்து இரண்டு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கமெண்ட்களைப் பார்த்த பிறகு, சரி, விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆறு மார்க் வாங்கியது தோல்வி இல்லை. எத்தனை முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். முப்பது கேள்விகள், மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். நாலு விடை கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்கிற கதை இல்லை. விடை 0 முதல் 99 வரை ஏதோ ஒரு முழு எண். அதைக் கண்டுபிடித்து ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்ப வேண்டும். குருட்டாம்போக்கில் அடித்தால் நூற்றில் ஒரு வாய்ப்பு. அதில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இரண்டு மூன்று கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறது என்றால், வகுப்பில் யாரும் சொல்லித்தராத ஒன்றை அது தானாக யோசித்திருக்கிறது. அதற்கா சிவப்பு மை?

"போட்டின்னா ஜெயிக்கிறதும் தோக்கிறதும் இருக்கத்தானே செய்யும்" என்றார் ஒரு நண்பர். சரி, போட்டியைப் பற்றியே பேசுவோம். சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் இரண்டு நாளைக்கும் சேர்த்து ஆறே கணக்குகள். நாளுக்கு மூன்று, அந்த மூன்றுக்கு நாலரை மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண். பதக்கம் கிடைக்காத மாணவர் ஒரே ஒரு கணக்கை முழுதாகப் போட்டிருந்தாலும் சிறப்புச் சான்று கொடுத்து அனுப்புகிறார்கள். நம்மூரில் ஆறுக்கு ஒன்று போட்டவனை பெஞ்சு மேல் ஏற்றியிருப்போம். 2017இல் மூன்றாவது கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்கள் இரண்டே பேர். எழுதியவர்கள் 600 பேருக்கு மேல். மிச்சப் பேரையெல்லாம் என்ன செய்யலாம், பாடத்தில் கவனம் செலுத்தச் சொல்லலாமா? 1988இல் கான்பெராவில் நடந்த போட்டியின் கடைசிக் கணக்கில், இன்று உலகமே கொண்டாடும் கணித மேதை டெரன்ஸ் டாவோ வாங்கியது 7க்கு 1. அந்த வருடம் அவருக்குத் தங்கம், 2006இல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம். நல்லவேளை, அவர் அப்பா அம்மா இந்த குரூப்பில் இல்லை.

"ஜேஇஇக்கு இது உதவுமா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். உதவினால் உதவட்டும். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்கார்வது பலருக்குத் தெரியும். (காசு வாங்குவதில்லை. டீயும் பிஸ்கட்டும்கூட என் செலவுதான். இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.) போன வருடம் ஒருநாள் கப்ரேகர் கணக்கைக் கொடுத்தேன். அவர் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத ஒரு நாலு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, அதைத் திருப்பிப் போட்டுக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 3524 என்றால் 5432இலிருந்து 2345 போக 3087. அப்புறம் 8352. அப்புறம் 6174. அதற்கு மேல் எத்தனை முறை செய்தாலும் 6174தான். எல்லாப் பிள்ளைகளும் கத்திக் குதித்தார்கள். ஒரு பெண் மட்டும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "சார், கழிச்சு வர்ற எல்லாமே ஒன்பதோட மடங்கா இருக்கே, ஏன்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவளே சொன்னாள்: "ஒரு இலக்கம் எந்த இடத்துக்கு மாறினாலும், ஒன்னு, பத்து, நூறு, ஆயிரம் இதுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம் எல்லாம் ஒன்பதோட மடங்குதானே சார்."

அவள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. என்ன நிறத்தில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதே பள்ளியில் வருடாவருடம் ஏதோ தனியார் நிறுவனத்தின் 'ஒலிம்பியாட்' நடக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பில் பாதிப் பேருக்குத் தங்கம் கொடுப்பார்கள். அந்த பிளெக்ஸ் இன்னும் கேட்டில் தொங்குகிறது. "அதுவும் பிள்ளைகளுக்கு ஊக்கம்தானே" என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் அந்தத் தங்கத்துக்கு பிளெக்ஸ், இந்த ஆறு மார்க்குக்குச் சிவப்பு மை என்றால், நீங்கள் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறீர்கள்?

ஆசிரியை ஒருவர், "வகுப்புக்கு ஐம்பது பேர், போர்ஷன் முடிக்கவே நாக்குத் தள்ளுகிறது" என்று எழுதியிருந்தார். அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. பிள்ளைகளைக் கணக்கில் யோசிக்க வைக்கும் வேலையை ஆசிரியர்கள்தான் தூக்கிச் சுமந்தார்கள். 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சென்னையில் இருந்துதான் இயங்குகிறது. அவர்கள் நடத்தும் திறனறிப் போட்டியில் ஒரு பிரிவுக்குக் கப்ரேகர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய பி.கே.சீனிவாசனும் பள்ளி ஆசிரியர்தான். என் கோபம் பட்டியல் போட்டவர்கள் மேல்.

அப்புறம் என்னை 'வேலையில்லாதவன்' என்ற அந்த கமெண்ட். 'பொறாமை' என்று இன்னொன்று. அதற்கு நாற்பது லைக். அதில் எட்டுப் பத்துப் பேர் என்னிடம் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள். பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளை வழக்கம்போல அனுப்புங்கள்.

பள்ளியின் பெயர் கேட்டு யாரும் இன்பாக்ஸில் வர வேண்டாம், சொல்லப் போவதில்லை. அந்தப் பட்டியலைக் கமெண்டில் மறுபடி ஒட்டுகிறவர்களை பிளாக் செய்வேன். எந்த நல்லெண்ணத்தில் ஒட்டினாலும் சரி. அதில் இருப்பவை பதினாலு வயதுப் பிள்ளைகளின் பெயர்கள்.